காந்தக் குடிலை இடிக்கும் முன்: கல்லூரி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிச் செயலர் அவர்களுக்கும், முதல்வர் அவர்களுக்கும், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

கடந்த மாதக் கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானம் இயற்பியல் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஓய்வு பெற்றவனுக்கு யாரும் நகல் அனுப்பப் போவதில்லை. துறையில் படிக்கும் பையன் ஒருவன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் இருக்கும் காந்தக் குடிலை இடித்துவிட்டு அங்கே இருசக்கர வாகன நிறுத்தம் கட்டப்படும். குடிலில் பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் கருவி அறிவியல் கட்டட மொட்டைமாடிக்குப் போகும். விநாடிக்கு ஓர் அளவு என்று பதிவாகிவருவதை இனி நிமிடச் சராசரியாக மட்டும் வைத்துக்கொண்டால் போதும். அந்த அளவுகளைப் பேனா கோடாக வரைந்த பழைய சார்ட் சுருள்கள் மற்ற கழிவுத் தாள்களோடு ஏலத்துக்குப் போகும். தீர்மானம் இவ்வளவுதான்.

இதில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் ‘பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதற்குள் ஒப்பந்தக்காரர் வந்து அளந்துவிட்டுப் போய்விட்டாராம். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் பேராசிரியர் இல்லை. அந்தத் துறையில் ஆய்வகத் தொழில்நுட்பராக வேலை பார்த்தவன். குடிலின் சாவி என் பணிக்காலம் முழுக்க என்னிடம்தான் இருந்தது. அது பித்தளைச் சாவி என்பதைக் குறிப்பிட வேண்டும். அந்தக் குடிலில் ஆணி, கீல், தாழ்ப்பாள் எதுவும் இரும்பு கிடையாது. மரம், பித்தளை, அலுமினியம், சுண்ணாம்புக் காரை மட்டும்தான். சுட்ட செங்கல்லைக்கூடத் தவிர்த்தோம்; சூளையில் சுட்டு ஆறும்போது செங்கல் தனக்கென்று கொஞ்சம் காந்தத்தை வாங்கிக்கொள்ளும். உள்ளே போகும் முன் பெல்ட், கைக்கடிகாரம், செல்போன், சட்டைப்பையில் இருக்கும் பேனா எல்லாவற்றையும் வெளியே வேப்பமரத்தடித் திண்ணையில் வைத்துவிட்டுப் போவோம். புதிதாக வரும் மாணவர்கள் இதைப் பார்த்து, ‘என்ன சார், கோயிலா?’ என்று சிரிப்பார்கள். திரையில் ஓடும் கோட்டுக்கு முன்னால் உட்கார வைத்து, வெளியே ஒருவரைச் சைக்கிளோடு நடக்கச் சொல்லிக் காட்டினால் அப்புறம் சிரிக்க மாட்டார்கள்.

தீர்மானத்தின் காரணக் குறிப்பில் இரண்டு வரிகள் இருக்கின்றன. ‘பயன்பாட்டில் இல்லாத கட்டடம்’ என்பது ஒன்று. ‘பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ மாறாதது, எனவே நிமிடத்துக்கு ஓர் அளவு போதுமானது’ என்பது இன்னொன்று. இரண்டாவது வரியை எழுதிக் கொடுத்தவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் மற்ற எல்லாத் தவறான முடிவுகளும் அந்த வரியிலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு). அதில் பெரும் பகுதி பூமியின் ஆழத்தில் உருகிய வெளிக்கருவிலிருந்து வருவது. அது மெதுவாகத்தான் மாறும், உண்மை. ஆனால் அந்த 40,000-க்கு மேலே சின்னச் சின்ன அசைவுகள் ஓயாமல் வந்து போய்க்கொண்டிருக்கின்றன. சாதாரண நாளிலேயே காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் நூறு நானோடெஸ்லா வரை ஏறி இறங்கும். அந்த ஏற்றத்தின் மீது, உற்றுப் பார்த்தால், சீரான சிறு அலைகள் தெரியும். அரை நானோடெஸ்லா, ஒரு நானோடெஸ்லா, சில நாளில் நான்கைந்து. அரை நிமிடத்துக்கு ஒன்று, ஒரு நிமிடத்துக்கு ஒன்று, ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று வரும். அந்தக் கருவி அங்கே இருப்பதே இவற்றுக்காகத்தான்.

இவை பூமிக்குள்ளிருந்து வருபவை அல்ல. பூமியின் காந்தப்புலம் விண்வெளியில் பரந்து விரிந்து, சூரியனிலிருந்து விநாடிக்கு நானூறு கிலோமீட்டர் அளவில் வீசும் காற்றை எதிர்த்து நிற்கிறது. சூரியனைப் பார்த்த பக்கத்தில் அதன் எல்லை பூமியின் மையத்திலிருந்து ஏறத்தாழ பத்து பூமி ஆரம், அதாவது அறுபதாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அந்த எல்லைக்கு உள்ளே இருப்பதைத்தான் காந்தக்கோளம் என்கிறோம். அதன் வெளி அடுக்குகளில் பிளாஸ்மா என்ற அயனி வாயு மிக மெலிதாகப் பரவிக் கிடக்கிறது. அது மின்னூட்டம் உள்ளது, காந்தக் கோடுகளோடு கட்டுண்டது. எல்லையை ஏதாவது தள்ளினாலோ உரசினாலோ காந்தக் கோடும் பிளாஸ்மாவும் சேர்ந்தே அசைகின்றன. இப்படி ஒரு அலை இருக்க முடியும் என்று ஸ்வீடனின் ஹானஸ் ஆல்வேன் 1942-ல் மிகச் சிறிய ஒரு கட்டுரையில் எழுதினார். பல ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1970-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பூமியில் தெரியும் சிறு துடிப்புகளுக்கும் அந்த அலைக்கும் முடிச்சுப் போட்டவர் ஜேம்ஸ் டன்ஜி, 1954-ல். காந்தக் கோட்டின் இரண்டு முனைகளும் வடக்கிலும் தெற்கிலும் அயனி மண்டலத்தில், அதாவது வளிமண்டலத்தின் மேலே மின்சாரம் கடத்தும் அடுக்கில், இறுகியிருக்கின்றன. நடுப்பகுதி பல்லாயிரம் கிலோமீட்டர் வெளியே வளைந்து நிற்கிறது. இரு பக்கமும் கட்டிய வீணைத் தந்தி மாதிரி அதற்கும் சொந்தமாக ஓர் அதிர்வு உண்டு. கோடு நீளமாக இருந்தாலும், அதன் மேல் பிளாஸ்மாவின் எடை கூடினாலும் அதிர்வு மெதுவாகும். வெளி அடுக்கில் ஒரு முறை ஆடி முடிக்கப் பல நிமிடங்கள் ஆகும். எந்தக் கோடு எந்த வேகத்தில் அதிர்கிறது என்று தரையிலிருந்து அளந்துவிட்டால், அங்கே எவ்வளவு பிளாஸ்மா இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். ராக்கெட் வேண்டாம். கருவிகள் சரியான இடத்தில் இருந்து, சரியான இடைவெளியில் பதிவு செய்தால் போதும்.

சரி, நிமிடச் சராசரியில் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம்.

இந்தத் துடிப்புகளை அவற்றின் கால அளவை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். 10 முதல் 45 விநாடி வரை உள்ளவை பிசி-3 (‘பிசி’ என்பது தொடர் துடிப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). 45 முதல் 150 வரை பிசி-4. 150 முதல் 600 வரை பிசி-5. இதில் அரை நிமிட அலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அது இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். கூட்டிச் சராசரி எடுத்தால் பூஜ்யம். அலை இருந்த சுவடே இருக்காது. சராசரியாக இல்லாமல் நிமிடத்துக்கு ஓர் அளவாக எடுத்தாலும், இரண்டு நிமிடத்துக்குக் குறைவான அலையைச் சரியாகப் பிடிக்க முடியாது. அது வேறொரு மெதுவான அலை வேடத்தில் வந்து நம்மை ஏமாற்றவும் செய்யும். ஆக, உங்கள் தீர்மானம் பிசி-3-ஐ முழுவதும், பிசி-4-இல் பெரும் பகுதியையும் ஒரே வரியில் துடைத்துவிடுகிறது. மீதி இருப்பது பிசி-5 மட்டும், அதுவும் அரைகுறையாக. இன்னும் வேகமான பிசி-1 அலைகளுக்கு வேறு வகைக் கருவி, தூண்டல் சுருள், வேண்டும். அது எந்தக் காலத்திலும் நம்மிடம் இருந்ததில்லை. அதைக் கேட்டு இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை.

சர்வரில் இடம் போதவில்லை என்று காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஒரு விநாடிக்கு ஒரு வரி: தேதி, நேரம், மூன்று திசை அளவுகள். அறுபது எழுத்து என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளுக்கு ஐந்து மெகாபைட்டை ஒட்டித்தான் வரும். ஒரு வருடத்துக்கு இரண்டு ஜிகாபைட். சுருக்கி வைத்தால் அதிலும் பாதிக்குக் கீழே. கடைத்தெருவில் விற்கும் சின்ன பென்டிரைவில் பல வருடங்களைப் போட்டுவிடலாம். கல்லூரி ஆண்டு விழா வீடியோ ஒன்று இதைவிட அதிக இடம் பிடிக்கும், அதை யாரும் நிமிடத்துக்கு ஒரு படமாகக் குறைக்கச் சொல்லவில்லை.

பிசி-3 எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். காந்தக்கோளத்துக்கு முன்னால் ஓர் அதிர்ச்சி முகப்பு இருக்கிறது. சூரியக் காற்று அங்கேதான் முதலில் முட்டி வேகம் குறைகிறது. முட்டும் அயனிகளில் சில திரும்பித் தெறித்து, எதிரே வரும் காற்றிலேயே அலைகளைக் கிளப்புகின்றன. அந்த அலைகளை அதே காற்று மீண்டும் உள்ளே தள்ளிவிடுகிறது. பகல் நேரத்தில் அவை தரை வரை வந்து சேர்கின்றன. அவற்றின் அதிர்வெண்ணுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலம் எத்தனை நானோடெஸ்லாவோ, அதை ஆறால் பெருக்கினால் ஏறத்தாழ அத்தனை மில்லிஹெர்ட்ஸ், அதாவது ஆயிரம் விநாடிக்கு அத்தனை ஆட்டம். முதுகலை மாணவி ஒருத்தி இதை நம்பவில்லை. ஒரு காலை நேரப் பதிவைத் திரையில் பெரிதாக்கி, முகட்டுக்கு முகடு எண்ணி, 27 விநாடி என்று குறித்தாள். அப்படியென்றால் 37 மில்லிஹெர்ட்ஸ். ஆறால் வகுத்தால் 6 நானோடெஸ்லாவுக்குச் சற்று மேலே. பிறகு பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் விண்கலத்தின் அளவை இணையத்தில் தேடி எடுத்தாள். ஆறை ஒட்டியே இருந்தது. வேப்பமரத்துக்குப் பின்னால் உள்ள ஒரு குடிலில் உட்கார்ந்து, பூமியின் காந்தக்கோளத்துக்கும் வெளியே வீசும் காற்றின் காந்தத்தை அந்தப் பெண் அளந்தாள். உங்கள் ஆய்வக மானிய விண்ணப்பங்களில் ‘செயல்வழிக் கற்றல்’ என்று எழுதுகிறீர்களே, அது இதுதான். நிமிடச் சராசரி இருந்திருந்தால் அவளுக்குக் கிடைத்திருப்பது ஒரு நேர்கோடு.

அடுத்தது மொட்டைமாடி. இதை யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் எழுதினீர்களா என்று எனக்குச் சந்தேகம். மொட்டைமாடித் தளம் முழுக்கக் கம்பி. மேலே தண்ணீர் தொட்டி மோட்டார், ஏசி எந்திரங்கள், லிஃப்ட் அறை. இவற்றைக்கூட விடுங்கள். வெயில் ஏற ஏறக் கட்டடம் விரியும், ஒரு பக்கம் லேசாகச் சாயும். கண்ணுக்குத் தெரியாத சாய்வு அது. ஆனால் 40,000 நானோடெஸ்லா புலத்தில் கருவி ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு சாய்ந்தாலே 0.2 நானோடெஸ்லா பொய்யாகத் தெரியும். ஐந்து பங்கு சாய்ந்தால் ஒரு முழு நானோடெஸ்லா. நாம் தேடும் அலையின் உயரமே அவ்வளவுதான். காற்றில் கட்டடம் அசைவது இதற்கு மேல். அதனால்தான் குடிலில் உணர்கருவியைத் தரைக்குக் கீழே குழியில், கட்டடத்தோடு ஒட்டாத தனித் தூண் மேல் வைத்து, சுற்றிலும் தெர்மாகோல் அடைத்து வைத்திருக்கிறோம். வெப்பம் ஏறி இறங்கினாலும் அது அளவைக் கெடுக்கும்.

வாகன நிறுத்தம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காவலாளி ஒருவர் மழைக்காகத் தன் மோட்டார் சைக்கிளைக் குடிலின் சுவரோரம் நிறுத்தும் வழக்கம் வைத்திருந்தார். அவர் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது டீ குடிக்கப் போனார், எப்போது திரும்பினார் என்று பதிவைப் பார்த்தே சொல்லிவிடலாம். கோடு திடீரென ஏறி அங்கேயே நிற்கும். வண்டியை எடுத்ததும் இறங்கும். ஒரு வண்டிக்கு இந்தக் கதி. நீங்கள் தகரக் கொட்டகை போட்டு நூற்றுக்கணக்கான வண்டிகளை அங்கே கொண்டுவரப் போகிறீர்கள். குடிலை இடிக்காமல் பக்கத்தில் கட்டினால்கூடப் பதிவு செத்ததுதான்.

மாணவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் இல்லை என்பது எனக்கும் தெரியும். சாலையோரம் நிறுத்திவிட்டு அபராதம் கட்டுகிறார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது, அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கிழக்கு வாசலில் பழைய கேண்டீன் இருந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது. சாலைக்கும் பக்கம், குடிலிலிருந்தும் வெகுதூரம். அதை ஏன் எடுக்கவில்லை என்பதற்குத் தீர்மானத்தில் ஒரு வார்த்தை இல்லை.

நம் ஊரில் ஏன், வேறு எங்காவது அளந்துகொள்ளட்டுமே என்று ஓர் உறுப்பினர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி துளியும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் கோடு, இந்தியாவில் தென்கோடி வழியாகத்தான் போகிறது. அந்தக் கோட்டை ஒட்டி, தரைக்கு மேல் ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. நம் தென் மாவட்டங்கள் அதன் அடியில் இருக்கின்றன. வெளிக் காந்தக்கோளத்தில் எழும் நீண்ட அலைகள் நம் தலைக்கு மேலுள்ள காந்தக் கோடு வழியாக நேரே நம்மிடம் இறங்குவதில்லை. அந்தக் கோடுகள் இங்கே படுத்துக் கிடக்கின்றன, உயரமாக எழுவதே இல்லை. அலைகள் துருவப் பக்கம் இறங்கி, அவற்றின் மின்புலம் அயனி மண்டலம் வழியாக நடுக்கோட்டுக்குப் பரவி, இந்த மின்னோட்டத்தால் பெருக்கப்பட்டு நம் கருவியில் தெரிகின்றன. கொஞ்சம் வடக்கே தள்ளிப் போனால் அதே அலை மெலிந்துவிடும். உலகத்தில் இந்த மாதிரி இடம் ஒரு மெல்லிய பட்டைதான். அதிலும் பெரும் பகுதி கடல்.

இந்த இடத்தின் அருமையை முதலில் கண்டுகொண்டவர்கள் நாம் இல்லை. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ஜான் ஆலன் ப்ரௌன் 1855-ல் அகத்தியமலை உச்சியில், ஆறாயிரம் அடிக்கு மேலே, ஒரு காந்த ஆய்வகம் கட்டினார். யானை நடமாடும் காட்டு வழியே கருவிகளைச் சுமந்து போனார்கள். மலையிலும் கீழேயும் ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளை 1874-ல் புத்தகமாக வெளியிட்டார். அந்தக் காலத்தில் அவ்வளவு பாடுபட்டு வந்த இடத்தில், மதில் சுவருக்குள் பத்திரமாக இருக்கும் ஒரு குடிலை நாம் வண்டிக்காக இடிக்கிறோம்.

இடம் மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மும்பை கொலாபாவில் 1841 முதல் காந்த அளவுகள் எடுத்துவந்தார்கள். நகரில் மின்சார டிராம் வரப்போகிறது என்று தெரிந்ததும், அது கருவிகளைக் கெடுத்துவிடும் என்று இயக்குநர் நானாபாய் மூஸ் எச்சரித்தார். டிராமை நிறுத்தச் சொல்லவில்லை. கடலுக்கு அப்பால் அலிபாக்கில் இடம் பார்த்து, இரும்பில்லாத கட்டடம் கட்டி, 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் அளந்தார்கள். பழைய இடத்து அளவுக்கும் புதிய இடத்து அளவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த பிறகே கொலாபாவை விட்டார்கள். டிராம் ஓடத் தொடங்கியது 1907-ல். அதனால் அந்தத் தொடர் இன்று வரை அறுபடவில்லை. ஆங்கிலேய அரசாங்கம் காட்டிய அந்தப் பொறுமையை நம் கல்லூரி காட்ட முடியாதா?

சார்ட் சுருள்கள் விஷயம் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது. துறையின் பின்னறையில் இரும்பு அலமாரியில் இருக்கின்றன, எண்பதுகளிலிருந்து கணினி வந்த காலம் வரைக்கும் உள்ளவை. கட்டம் போட்ட தாள், ஊதா மை. மை தீர்ந்த இடத்தில் பென்சிலால் ‘பேனா மாற்றப்பட்டது’ என்று நேரத்தோடு எழுதியிருக்கும். மின்சாரம் போன இடம், இடி விழுந்த இடம், யாரோ கதவைத் திறந்த இடம், எல்லாம் ஓரத்தில் குறித்திருக்கும். சில சுருள்களில் வெள்ளிப்பூச்சி அரித்திருக்கிறது, ஆனால் கோடு இருக்கிறது. 1989 மார்ச் 13-ஆம் தேதியின் சுருளும் அதில் உண்டு. அன்று வீசிய காந்தப் புயலில் (சூரியனிலிருந்து வந்த வீச்சு பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்குவது) கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒன்றரை நிமிடத்துக்குள் மின்கட்டமைப்பு சரிந்து, அறுபது லட்சம் பேர் இருட்டில் இருந்தார்கள். நம் பேனா அன்று தாளின் விளிம்பை முட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறது.

எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும்? கொலாபா கதையையே மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1859 செப்டம்பர் 2-ஆம் தேதி, இதுவரை பதிவானவற்றில் மிகப் பெரிய காந்தப் புயல்களில் ஒன்று வீசியது. கொலாபாவில் அன்று ஆட்கள் கருவியைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதினார்கள். அந்தத் தாள்கள் பத்திரமாக இருந்தன. 2003-ல் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை, அந்த அளவுகளை வைத்துத்தான் புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்தது என்று காட்டியது. நூற்று நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு! அதே புயலின்போது இங்கிலாந்தின் கியூ ஆய்வகத்தில் ஒளிப்படத் தாளில் விழுந்த கோட்டைப் பார்த்துத்தான் பால்ஃபர் ஸ்டீவர்ட், அரை நிமிடம் முதல் நான்கைந்து நிமிடங்கள் வரை ஆடும் சிறு துடிப்புகளை 1861-ல் எழுதினார். நான் மேலே விவரித்த அலைகளின் வரலாறே ஒரு பழைய தாளிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பயன் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டு டிஷ் ஆன்டெனா பார்க்கும் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், இதே வெளிக் காந்தக்கோளத்தில்தான் நிற்கின்றன. அங்கே ஒரு மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் உள்ள எலக்ட்ரான் பூமியை ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகும். பிசி-5 அலைகளின் காலமும் அதே சில நிமிடங்கள்தான். இரண்டும் ஒத்துப்போனால் அலை எலக்ட்ரானைச் சுற்றுக்குச் சுற்று தள்ளி இன்னும் வேகமாக்கிவிடும். அப்படி வேகமேறிய எலக்ட்ரான்கள் செயற்கைக்கோளின் தோலைத் துளைத்து உள்ளே மின்னூட்டமாகத் தேங்கும். 1994 ஜனவரி 20-ல் கனடாவின் அனிக் இ-1, அனிக் இ-2 என்ற இரண்டு தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் சில மணி நேர இடைவெளியில் நிலை தடுமாறியதற்கு இப்படித் தேங்கிய மின்னூட்டமே காரணமாகச் சொல்லப்பட்டது. ஒன்றைச் சீக்கிரமே மீட்டார்கள். மற்றொன்றுக்குப் பல மாதங்கள் ஆயின.

செயற்கைக்கோள்களே இதையெல்லாம் அளக்கின்றனவே, தரையில் எதற்கு என்பார்கள். ஐரோப்பியர்களின் கிளஸ்டர் என்ற விண்கலக் கூட்டம் 2000-ல் போனது; காந்தக்கோளத்தின் விளிம்பில் சூரியக் காற்று உரசிச் சுழல்களை உண்டாக்குவதை அழகாகக் காட்டியது. அதன் நான்கு கலங்களில் ஒன்று 2024 செப்டம்பரில் பசிபிக் கடல் மேல் எரிந்து விழுந்தது. விண்கலத்துக்கு ஆயுள் உண்டு. அதோடு அது ஓடிக்கொண்டே இருக்கும், அலை மாறியதா இடம் மாறியதா என்று அதனால் மட்டும் எளிதில் பிரிக்க முடியாது. தரையில் ஒரே இடத்தில் நிற்கும் கருவி அந்தக் கேள்விக்குத் துணை நிற்கிறது. நம் ஆதித்யா எல்-1 விண்கலம் இப்போது 2024 ஜனவரியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியக் காற்றின் காந்தத்தை அளக்கிறது. அங்கே அது பார்த்தது பூமியை அடைந்ததும் என்ன செய்தது என்று பார்க்க, கீழே ஆள் வேண்டாமா? 2024 மே 10-ஆம் தேதி இரவு பத்தரை மணி தாண்டியதும் நம் குடிலின் கோடு ஒரே மூச்சில் எழும்பியதை, ஓய்வு பெற்ற பிறகும், மாணவர்களோடு நின்று நான் பார்த்தேன். மறுநாள் காலைக்குள் பல நூறு நானோடெஸ்லா சரிந்தது. லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்த அதே இரவு. பயன்பாட்டில் இல்லாத கட்டடத்தில்தான் இது நடந்தது.

இனி நான் கேட்பவை. முதலில், குடிலைச் சுற்றி நடக்கும் எல்லா வேலைகளையும் உடனே நிறுத்தி வையுங்கள். காந்த அளவீட்டில் அனுபவமுள்ள வெளி வல்லுநர் ஒருவரையாவது வரவழைத்து, அவர் இடத்தைப் பார்த்து எழுதித் தரும் வரை நிறுத்தம் தொடர வேண்டும். வாகன நிறுத்தத்தைப் பழைய கேண்டீன் இடத்தில் கட்ட முடியுமா என்று பொறியாளரிடம் மதிப்பீடு வாங்குங்கள். முடியாது என்றால் ஏன் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

எல்லாம் பார்த்தபிறகும் குடிலை மாற்றியே தீர வேண்டும் என்று முடிவானால், மொட்டைமாடி வேண்டாம். வளாகத்தின் ஓரத்திலோ, கல்லூரிக்குச் சொந்தமான கிராமத்து நிலத்திலோ இதே முறையில் ஒரு குடில் கட்டி, குறைந்தது ஒரு வருடம் இரண்டு இடத்திலும் சேர்த்து அளந்துவிட்டு அப்புறம் இதை இடியுங்கள்.

விநாடிக்கு ஓர் அளவு என்ற பதிவை இன்று போலவே தொடரச் சொல்லி முதல்வர் கையெழுத்தோடு ஓர் ஆணை வேண்டும். அதன் பிரதி ஒன்று கல்லூரிக்கு வெளியிலும், ஆய்வாளர் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரு பொதுத் தரவுக் களஞ்சியத்திலும் இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

சார்ட் சுருள்களை ஏலப் பட்டியலிலிருந்து இந்த வாரமே நீக்குங்கள். ஏலத் தேதி நெருங்குகிறது. அவற்றைத் தேதிவாரியாகப் பிரித்து, துடைத்து, ஸ்கேன் செய்யும் வேலையை நானும் பழைய மாணவர்கள் சிலரும் சம்பளம் இல்லாமல் செய்து தருகிறோம். எங்களுக்குத் தேவை ஓர் அறை, ஒரு மேசை, பெரிய ஸ்கேனர் ஒன்று, சாவி.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்து, இயற்பியல் துறைத் தலைவரையும் மாணவர் பிரதிநிதி ஒருவரையும் பேச அனுமதியுங்கள். கூட்டத்துக்கு முன்பே எனக்கும் துறைக்கும் எழுத்தில் பதில் வர வேண்டும். ‘பரிசீலிக்கப்படும்’ என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வகத் தொழில்நுட்பர்,
இயற்பியல் துறை